காந்தியின் இரண்டு கடிகாரங்கள்: ஒரு டாலர் இங்கர்சாலும் வெள்ளி ஜெனித்தும்

2009 மார்ச் 5, நியூயார்க். ஆன்டிகோரம் என்ற ஏல நிறுவனத்தில் சில பழைய பொருள்கள் ஒரே தொகுப்பாக ஏலத்துக்கு வந்தன. ஒரு மூக்குக்கண்ணாடி, ஒரு ஜோடி செருப்பு, ஒரு கிண்ணம், ஒரு தட்டு, ஒரு வெள்ளி பாக்கெட் வாட்ச். எல்லாமே மகாத்மா காந்தி பயன்படுத்தியவை. அதிகபட்சம் 30,000 டாலர் போகும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். போனது 18 லட்சம் டாலருக்கு. அன்றைய மதிப்பில் 9 கோடி ரூபாய்க்கு மேல். வாங்கியவர் மது ஆலை அதிபர் விஜய் மல்லையா. வாழ்நாள் முழுக்க மதுவிலக்குப் பேசியவரின் பொருள்கள் அப்படிக் கைமாறின.

அந்த வெள்ளி வாட்ச், சுவிட்சர்லாந்தின் ஜெனித் நிறுவனம் தயாரித்தது. ஆனா காந்தியின் பெயரோடு அதிகம் பேசப்படுவது வேறொரு வாட்ச். அமெரிக்காவில் 1 டாலருக்கு விற்ற இங்கர்சால்.

ஒரே மனிதரிடம் இருந்த ஒரு ஆடம்பர பிராண்டும் ஒரு மலிவு விலை பிராண்டும். இதில் எது நல்ல வாட்ச்? இதற்குப் பதில் தேட அவர் வாழ்க்கையைத்தான் புரட்ட வேண்டும். அந்த வாழ்க்கையின் சில முக்கியமான பக்கங்கள் கன்னியாகுமரியில் இருக்கின்றன.

முதல்ல, ரெண்டு வாட்ச்சுக்கும் என்ன வித்தியாசம்?

இங்கர்சால் சகோதரர்கள் நியூயார்க்கில் தபால் மூலம் பொருள் விற்றவர்கள். 1890-களில் வாட்டர்பரி கடிகார நிறுவனத்திடம் மொத்தமாக வாட்ச் செய்து வாங்கி, ஒரு டாலருக்கு விற்க ஆரம்பித்தார்கள். அதுவரை வாட்ச் என்பது வசதியானவர்களின் சொத்து. சாதாரணத் தொழிலாளியும் தன் பையில் மணி பார்க்க முடியும் என்று ஆக்கியது இந்த வாட்ச்தான்.

விலையை எப்படிக் குறைத்தார்கள்? சாவி கொடுக்கும் வாட்ச்சில் ஓயாமல் உரசும் இடங்கள் சில உண்டு. நல்ல வாட்ச்களில் அந்த இடங்களில் சிறிய மாணிக்கக் கற்களைப் பதிப்பார்கள். வாட்ச் விளம்பரத்தில் 17 ஜுவல் என்று போடுவது இதைத்தான். தேய்மானம் குறையும், ஓட்டம் சீராக இருக்கும். டாலர் வாட்ச்சில் கற்கள் கிடையாது, உலோக ஊசிகள்தான். சத்தமாக ஓடும், தினமும் கொஞ்சம் முன்பின் போகும். ரிப்பேர் செய்வதைவிடப் புதுசு வாங்குவது லாபம்.

ஜெனித் இதற்கு நேர் எதிர். 1865-ல் ஜார்ஜ் ஃபாவ்ர்-ஜாக்கோ என்ற இளைஞர், லெ லோக்ல் என்ற சுவிஸ் ஊரில் தொடங்கிய நிறுவனம். பல சிறு பட்டறைகளில் தனித்தனியாக நடந்துவந்த வேலைகளை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தார். துல்லியம்தான் அவர்கள் பெருமை. காந்தியிடம் இருந்தது சுமார் 1910-ஐச் சேர்ந்த மாடல், அலாரம் வசதி உள்ளது.

இன்னொரு சுவாரசியமும் உண்டு. விமானிகளுக்கான வாட்ச் என்ற வகை உருவான காலத்திலேயே ஜெனித் அதில் இருந்தது. 1909 ஜூலை 25-ல் லூயி பிளேரியோ விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தபோது அவர் கையில் இருந்தது ஜெனித். அதே ஜூலை மாதம், தென்னாப்பிரிக்க இந்தியர்களுக்காக வாதாட வந்த காந்தியும் லண்டனில்தான் இருந்தார்.

தங்கச் சங்கிலி கேட்ட மாணவர்

1869 அக்டோபர் 2-ல் போர்பந்தரில் பிறந்த மோகன்தாஸ், 1888-ல் சட்டம் படிக்க லண்டன் கிளம்பினார். கடல் கடந்து போகக் கூடாது என்று பம்பாயில் அவருடைய சாதிச் சபை தடுத்தது. மீறிப் போனவரைச் சாதியை விட்டே தள்ளிவைத்தது.

லண்டனில் இறங்கியவருக்கு முதலில் வந்த கவலை, ஆங்கிலேய ஜென்டில்மேன் மாதிரி தெரிய வேண்டும் என்பது. 19 ஷில்லிங்குக்கு உயரத் தொப்பி. பாண்ட் தெருவில் 10 பவுண்டுக்கு மாலை நேர சூட். அதோடு போகவில்லை. கோட்டில் தொங்கவிட இரட்டை வடத் தங்க வாட்ச் சங்கிலி வேண்டும் என்று ஊரில் இருந்த அண்ணனிடம் கேட்டு வரவழைத்தார். இந்தச் செலவுக்கெல்லாம் கடன் பட்டுக்கொண்டிருந்தவர் அந்த அண்ணன்.

இன்றைய பேச்சில் சொன்னால் அது டிரெஸ் வாட்ச் ஆசை. மணி தெரிந்துகொள்ளத் தங்கச் சங்கிலி தேவையில்லை. எதிரில் இருப்பவர் பார்க்க வேண்டும், அதற்குத்தான். இதையெல்லாம் பின்னாளில் தன் சுயசரிதையில் அவர் மறைக்காமல் எழுதினார். சில மாதங்களில் மோகம் தெளிந்தது. செலவுக் கணக்கைப் பைசா சுத்தமாக எழுத ஆரம்பித்தார், சின்ன அறைக்கு மாறினார், பஸ்ஸுக்குப் பதில் நடந்தார்.

1901: வீட்டுக்கு வந்த தங்கக் கடிகாரங்கள்

1893-ல் தென்னாப்பிரிக்கா போனார். அங்கே வக்கீல் தொழில் நன்றாகவே நடந்தது. 1901-ல் இந்தியா திரும்ப முடிவெடுத்தபோது, நேட்டால் இந்தியர்கள் பரிசுகளைக் குவித்தார்கள். தங்கச் சங்கிலிகள், தங்கக் கடிகாரங்கள், வைர மோதிரங்கள். கஸ்தூரிபாவுக்கு மட்டும் 50 கினி மதிப்புள்ள தங்க நெக்லஸ்.

அன்று இரவு காந்திக்குத் தூக்கம் வரவில்லை. பொதுத்தொண்டுக்குக் கூலி வாங்கினால் அது தொண்டாகுமா? வீட்டில் எளிமை பேசிவிட்டு, தங்கக் கடிகாரத்தை யார் கட்டுவது? எல்லாவற்றையும் சமூகத்துக்கே திருப்பிக் கொடுப்பது என்று முடிவு செய்து, பார்சி ருஸ்தம்ஜி உள்ளிட்டோரை அறங்காவலர்களாக வைத்துப் பத்திரமும் எழுதினார்.

கஸ்தூரிபா சம்மதிக்கவில்லை. நாளை வரப்போகும் மருமகள்களுக்கு நகை வேண்டாமா என்று கேட்டார். நெக்லஸ் என் தொண்டுக்காகக் கிடைத்ததுதானே என்று கணவர் சொன்னபோது, இரவும் பகலும் அந்த வீட்டில் உழைத்த தன் உழைப்பு தொண்டில் சேராதா என்று அழுதபடி திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. காந்தியும் அது தன்னைத் தைத்ததாக எழுதியிருக்கிறார். இருந்தாலும் தன் முடிவை மாற்றவில்லை. நகைகள் வங்கிக்குப் போயின. தேவை வரும்போது பொதுவேலைக்குப் பயன்பட்டன.

எளிமைக்கு ஒரு விலை இருக்கிறது. அந்த விலையை எப்போதும் முடிவெடுக்கிறவர் மட்டுமே கொடுப்பதில்லை. காந்தியின் எளிமையைப் பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

சட்டை போச்சு, பாக்கெட்டும் போச்சு

1921 செப்டம்பர் 22. மதுரையில் காந்தி சட்டையையும் தொப்பியையும் விட்டு, முழங்கால் வரையிலான ஒற்றை வேட்டிக்கு மாறினார். உடுத்தத் துணி இல்லாத ஏழைகள் கதருக்கு எங்கே போவது என்ற கேள்விக்கு அவர் தந்த பதில் அது.

ஆனா சட்டை இல்லாதவர் பாக்கெட் வாட்ச்சை எங்கே வைப்பார்? இடுப்பில்தான். கயிற்றில் கோத்து வேட்டியோடு தொங்கவிட்டார். தன்னோடு இருந்த பொருள்களை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தவர், வாட்ச்சை மட்டும் கடைசி வரை விடவில்லை. 1931-ல் வட்டமேசை மாநாட்டுக்காக லண்டன் போனபோது, இடுப்பில் தொங்கிய அந்த மலிவு விலை வாட்ச் வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்களின் கண்ணில் பட்டது. 43 ஆண்டுகளுக்கு முன் அதே ஊரில்தான் தங்கச் சங்கிலியைக் கோட்டில் மாட்டிக்கொண்டு திரிந்தார்.

இயந்திரங்களை எதிர்த்தவர் இயந்திரத்தை இடுப்பில் கட்டலாமா என்று அப்போதே கேலி உண்டு. 1909-ல் கப்பலில் எழுதிய ஹிந்த் ஸ்வராஜ் நூலில் ரயிலையும் இயந்திரத்தையும் கடுமையாகச் சாடியவர்தான் அவர். 1924-ல் ஜி. ராமச்சந்திரன் என்ற இளைஞர் இதை நேரிலேயே கேட்டார். திருவிதாங்கூர்க்காரர், பிற்காலத்தில் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர்களில் ஒருவர். தன் எதிர்ப்பு இயந்திரத்தின் மீது இல்லை, அதன் மீதான வெறியின் மீதுதான் என்று காந்தி விளக்கினார். விதிவிலக்காக அவர் காட்டியது சிங்கர் தையல் மெஷின். ஒருத்தரின் உடல் பாரத்தைக் குறைக்கும் கருவிக்கு அவர் கணக்கில் இடம் இருந்தது. வாட்ச் பற்றி அங்கே பேச்சு வரவில்லை. ஆனா அதே அளவுகோலில் அதுவும் பாஸ்தான்.

நேரத்தில் ஏன் இவ்வளவு கறார்?

சபர்மதி ஆசிரமத்தில் காலை 4 மணிக்கு எழுப்பும் மணி அடிக்கும். பிரார்த்தனை, நடை, நூற்பு, கடிதங்கள், சந்திப்புகள், மாலைப் பிரார்த்தனை. எல்லாவற்றுக்கும் மணிக்கணக்கு. பார்க்க வந்தவருக்கு ஒதுக்கிய நேரம் முடிந்தால் வாட்ச்சைக் காட்டிவிடுவார்.

காரணம் எளிமையானது. ஊர் ஊராகப் போகிறவர் அரை மணி நேரம் தாமதித்தால், வெயிலில் காத்திருக்கும் ஆயிரம் பேருக்குத் தலைக்கு அரை மணி நேரம் வீண். தன்னிடம் இருக்கும் எதையும் பொதுச்சொத்தாகப் பார்த்தவர் அவர். கதர் நிதியின் ஓரணாவுக்குக் கணக்குக் கேட்டவர், நிமிஷத்துக்கும் கணக்குக் கேட்டார். அந்தக் கணக்கைப் பார்க்க வெள்ளி உறை தேவைப்படவில்லை. டாலர் வாட்ச்சே போதுமானதாக இருந்தது.

குமரிக்கு வந்தபோது

1925 மார்ச். வைக்கம் சத்தியாகிரகம் நடந்துகொண்டிருந்த நேரம். திருவிதாங்கூர் வந்த காந்தி கன்னியாகுமரிக்கும் வந்தார். நாஞ்சில் நாடு அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. கடலைப் பார்த்து மனம் நிறைந்தவருக்குக் கோயிலில் வேறு அனுபவம். இங்கிலாந்து போய் வந்தவர் என்ற காரணத்தால் உட்பகுதிக்கு அனுமதி இல்லை. 37 ஆண்டுகளுக்கு முந்தைய அந்த லண்டன் பயணம், குமரி முனையிலும் அவரைத் துரத்தியது.

கடல் கடந்து போன ஒருவருக்கே இந்தத் தடை என்றால், ஊரிலேயே பிறந்து கோயில் தெருவில்கூட நடக்க முடியாதவர்களின் நிலை? அடுத்த ஆண்டே, 1926-ல், குமரியிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி சுசீந்திரத்தில் அந்தத் தெருக்களுக்கான சத்தியாகிரகம் தொடங்கியது. வைக்கத்தில் பங்கெடுத்த டாக்டர் எம்.இ. நாயுடு போன்ற நாஞ்சில் நாட்டுக்காரர்கள் முன்னால் நின்றார்கள். 1930-ல் மறுபடியும் போராட்டம்.

1936 நவம்பர் 12-ல் மன்னர் சித்திரைத் திருநாள் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிட்டார். அடுத்த ஜனவரியில் காந்தி மீண்டும் திருவிதாங்கூர் வந்து, திறந்துவிடப்பட்ட கோயில்களுக்கு மக்களோடு போனார். குமரி அம்மன் கோயிலுக்குள்ளும் போனார். 1925-ல் மறிக்கப்பட்ட வாசல் 1937-ல் திறந்திருந்தது. நிமிஷக் கணக்குப் பார்த்த மனிதர், இந்த விஷயத்தில் 12 ஆண்டுகள் பொறுத்திருந்தார். தெருவில் நின்று அடி வாங்கியவர்களுக்கு அந்தக் காத்திருப்பு இன்னும் நீளமானது.

பரிசாக வந்தது, திருடு போனது

சரி, அந்த வெள்ளி ஜெனித் எப்படி வந்தது? ஏல நிறுவனம் தந்த குறிப்பின்படி, நேருவின் மகள் இந்திரா கொடுத்த பரிசு. 1901-ல் தங்கக் கடிகாரங்களைத் திருப்பிக் கொடுத்தவர் இதை ஏன் வைத்துக்கொண்டார்? அவர் காரணம் எதுவாக இருந்தாலும், இதில் ஒரு வேலை இருந்தது. அதிகாலைப் பிரார்த்தனைக்கு எழுப்ப அலாரம். தங்கக் கடிகாரங்கள் தொண்டுக்குக் கிடைத்த வெகுமதியாக வந்தவை. இது நெருங்கிய வீட்டுப் பெண் கொடுத்த, தினமும் உதவுகிற கருவி.

1947-ல் ரயில் பயணத்தில், கான்பூர் ஸ்டேஷனில் அந்த வாட்ச் திருடு போனது. நாடே பிரிவினைக் கலவரத்தில் எரிந்துகொண்டிருந்த வருஷம் அது. சுமார் 6 மாதம் கழித்து, எடுத்தவரே நேரில் வந்து திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டதாக அதே குறிப்பு சொல்கிறது. பிறகு அது காந்தியின் உதவியாளராக இருந்த உறவுப் பெண் ஆபாவிடம் போனது. அங்கிருந்து பல கை மாறித்தான் நியூயார்க் ஏலத்துக்கு வந்தது.

ஏலத்தை நிறுத்த இந்தியா முயன்றது. நவஜீவன் அறக்கட்டளை டெல்லி உயர் நீதிமன்றம் போய் இடைக்காலத் தடையும் வாங்கியது. விற்க வந்தவரே கடைசி நிமிஷத்தில் பின்வாங்கப் பார்த்தார். ஆனாலும் ஏலம் நடந்தது. 18 லட்சம் டாலரில் ஜெனித் என்ற பெயருக்கான பங்கு எவ்வளவு இருக்கும்? அதே காலத்து வெள்ளி அலாரம் வாட்ச் வேறு யாருடையதாகவோ இருந்திருந்தால், அந்த விலையின் பக்கத்தில்கூடப் போயிருக்காது.

கடைசி நாள்

1948 ஜனவரி 30, டெல்லி பிர்லா மாளிகை. மாலை 5 மணிக்குப் பிரார்த்தனை. அதற்கு முன் சர்தார் படேலோடு பேச்சு. நேருவுக்கும் படேலுக்கும் இடையிலான மனவருத்தத்தைத் தீர்க்க வேண்டும், சுதந்திர இந்தியாவின் ஆட்சியே அதில் அடங்கியிருந்தது. மணி 5 தாண்டியது. குறுக்கிடத் தயங்கிய ஆபா, கடைசியில் வாட்ச்சை எடுத்துக் காட்டினார்.

காந்தி எழுந்து, ஆபா, மனு இருவரின் தோளிலும் கைபோட்டபடி வேகமாக நடந்தார். அவருடைய வாட்ச் தன்னைக் கண்டுகொள்ளவில்லை என்று வருத்தப்படும் என ஆபா கேலி செய்தார். நேரம் பார்த்துச் சொல்லத்தான் நீங்கள் இருக்கிறீர்களே என்ற பொருளில் பதில் சொன்ன காந்தி, தாமதத்துக்காகக் கடிந்தும் கொண்டார். பிரார்த்தனைக்கு ஒரு நிமிஷம் பிந்துவதும் அவருக்குப் பிடிக்காது. 5.17-க்கு நாதுராம் கோட்சே சுட்டார்.

பக்கத்திலேயே வாட்ச் இருந்தும், அந்தப் பேச்சைப் பாதியில் விட்டு எழ அவருக்கு மனம் வரவில்லை. எந்த விலை வாட்ச்சும் மணியை மட்டும்தான் சொல்லும். அந்த நேரத்தில் எது முக்கியம் என்பதை மனிதர்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

குமரியில் வெயில் காட்டும் மணி

1948 பிப்ரவரி 12-ல் காந்தியின் அஸ்தியில் ஒரு பகுதி குமரிக் கடலில் கரைக்கப்பட்டது. அதற்கு முன் கலசம் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்த இடத்தில் எழுந்ததுதான் இன்றைய காந்தி மண்டபம். 1956-ல் திறக்கப்பட்டது. நடுக் கோபுரம் 79 அடி, அவர் வாழ்ந்த காலத்தைக் குறிக்க. அதே 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி தாய்த் தமிழகத்தோடு இணைந்தது.

அக்டோபர் 2 நண்பகலில், கூரையில் விட்ட துளை வழியாகச் சூரிய ஒளி அந்தக் கலசம் இருந்த இடத்தில் விழும். இதில் அதிசயம் இல்லை, வடிவியல்தான். அன்று குமரியில் நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்காது, சுமார் 11 முதல் 12 டிகிரி தெற்கே சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வைக் கணக்கிட்டால் துளை எங்கே இருக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். மார்ச் இரண்டாம் வாரத்திலும் சூரியன் அதே உயரத்துக்கு வரும்.

ஒரு சின்ன நுணுக்கம். இந்திய நேரம் அலகாபாத் பக்கமுள்ள தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. குமரி அதற்கு மேற்கே இருப்பதால், அக்டோபர் 2-ல் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது உங்கள் போனில் சுமார் 12.09 ஆகும்போதுதான். ஜெனித் என்ற சொல்லுக்கும் வானத்தின் உச்சி என்றுதான் அர்த்தம். அந்த உச்சியைக் காட்டும் இந்த ஏற்பாட்டுக்குச் சாவி கொடுக்க வேண்டாம், பேட்டரி மாற்ற வேண்டாம்.

அப்போ, எந்த வாட்ச் வாங்கலாம்?

காந்தியின் இரண்டு வாட்ச்களுக்கும் இன்று வாரிசுகள் உண்டு. ஜெனித், எல்விஎம்எச் என்ற ஆடம்பரக் குழுமத்தின் கையில் இருக்கிறது. விலை லட்சங்களில். இங்கர்சாலைத் தயாரித்த வாட்டர்பரி நிறுவனம் கால ஓட்டத்தில் டைமெக்ஸ் ஆனது. சில ஆயிரத்தில் கிடைக்கும் பழைய ஸ்டைல் வாட்ச்கள் அதன் அடையாளம். நம்ம ஊர்ப் பெயர் வேண்டுமென்றால் எச்எம்டி பைலட். கருப்பு டயல், பெரிய எண்கள், 17 ஜுவல், தினமும் சாவி கொடுக்க வேண்டும்.

மெல்லிசான டிரெஸ் வாட்ச் சட்டைக் கைக்குள் அடங்கும், விசேஷங்களுக்குப் பொருந்தும், நல்ல இயந்திரம் என்றால் தலைமுறை தாண்டியும் ஓடும். விமானி ஸ்டைல் வாட்ச் ஒரே பார்வையில் மணி சொல்லும், பஸ்ஸிலும் பைக்கிலும் பயப்படாமல் கட்டலாம். கைவினைக்காக லட்சம் கொடுப்பதும் தப்பில்லை, அது அவரவர் பணம்.

ஆனா வாங்குவதற்கு முன் காந்தியின் வாழ்க்கையிலிருந்து இரண்டு கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம். இது நான் பார்க்கவா, மற்றவர்கள் பார்க்கவா? இதற்கான கடனை வீட்டில் யார் சுமக்கிறார்கள்? 1888-ல் அந்த மாணவர் இரண்டையும் கேட்டுக்கொள்ளவில்லை. அண்ணன்தான் கடன் பட்டார்.

இந்த இரண்டுக்கும் பதில் சரியாக இருந்தால், எந்த வாட்ச் வாங்கினாலும் சரிதான். அதைக் கட்டிக்கொண்டு மீட்டிங்குக்குச் சொன்ன நேரத்தில் போய்ச் சேர்ந்தால் போதும்.